இடுப்பில் ஓர் அரிவாள்!

அரிவாள் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? அநேகமாக ஏதாவது ஒரு வெட்டுக்குத்துச் செய்திதான்! சினிமாவைக் கேட்கவே வேண்டாம். தெற்கத்திக் கதை என்றால், கதாநாயகன் முதுகுக்குப் பின்னால் கையை விட்டு, பளபளவென்று ஓர் அரிவாளை உருவியே ஆகவேண்டும். கொட்டகையில் விசில் பறக்கும்.

முதுகுப் பக்கம் கையை விட்டு அரிவாளை உருவுகிற மனிதர் நிஜ வாழ்விலும் இருக்கிறார். ஆனால், அதை உருவும்போது அவர் தரையில் நிற்பதில்லை. நாற்பது ஐம்பது அடி உயரத்தில், பனையின் உச்சியில் இருக்கிறார். அவருக்கு யார் மேலும் பகை கிடையாது. அவர் சீவுவது ஒரு காகிதக் கனம் பாளை. சொட்டுவது பதநீர்!

அவர்தான் பனையேறி. அவர் கையில் இருப்பது பாளை அரிவாள். அது குடியிருக்கும் உறைக்கு அரிவாள் பெட்டி என்று பெயர். ஊர்ப் பேச்சில் 'பாளை அருவா', 'அருவாப் பெட்டி'. கடையில் தொங்குகிற நூறு கத்திகளில் ஒன்றைப் பொறுக்கி எடுப்பது போல இதை எடுத்துவிட முடியாது. ஆளைப் பார்த்து, கையைப் பார்த்து, சொல்லிச் செய்ய வேண்டிய சாமான் இது. அரிவாளுக்குப் பொருத்தமாகப் பெட்டியும் அமைய வேண்டும். இரண்டில் ஒன்று சரியில்லையென்றாலும், ஆபத்து மரத்தின் உச்சியில் காத்திருக்கிறது.

உப்பும் பனையும்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு 1923-ல் ரயில் பாதை போட்டார்கள். அந்த ரயிலில் போனால், குரும்பூரைத் தாண்டியதும் ஆறுமுகநேரி வரும். அடுத்தது காயல்பட்டினம், அதற்கடுத்தது முருகன் குடிகொண்ட திருச்செந்தூர். ஆறுமுகநேரி என்றால் எல்லோருக்கும் உப்பளம்தான் ஞாபகம் வரும். வெள்ளை வெளேர் என்று குவிந்து கிடக்கும் உப்பைப் பார்த்துவிட்டு, அதற்கு அப்பால் நிற்கும் பனைகளை மறந்துவிடுவது வழக்கம்.

ஆனால் உப்புக்கு முன்பே இந்தச் சீமைக்குச் சோறு போட்டது பனை. திருச்செந்தூர் வட்டாரத்துச் செம்மணல் தேரிகளிலும், கடலோர மணலிலும், வேறு பயிர் தலையெடுக்கத் தயங்குகிற இடத்தில் பனை தழைத்து நிற்கும். கொஞ்ச தூரத்தில் இருக்கும் உடன்குடியின் பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழ்நாட்டின் மாநில மரமும் பனைதான், 1978-ல் அறிவித்தார்கள்.

கருப்பட்டிக்குப் பேர் கிடைத்தது. மரத்துக்குப் பட்டம் கிடைத்தது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அரிவாளுக்கு மட்டும் கெட்ட பெயர்தான் மிச்சம்!

ஒரு சீவலில் இருக்கிறது சூட்சுமம்

பனையில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. இரண்டும் பாளை விடும். இரண்டும் பதநீர் தரும். மாசி, பங்குனியில் தொடங்கி ஆடி வரையில் பனையேறிக்குப் பருவ காலம். பாளையைக் கடிப்பு என்ற மரக் கருவியால் இதமாக நசுக்கிப் பக்குவம் செய்ய வேண்டும். பிறகு அதன் நுனியைச் சீவிவிட்டு, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்ட வேண்டும். சுண்ணாம்பு இருந்தால் பதநீர். இல்லாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும்.

சீவிய இடம் சில மணி நேரத்தில் காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஆகவே, காலையிலும் மாலையிலும் ஏறி, பழைய வாயைச் சீவி எறிந்துவிட்டுப் புதிய வாயைத் திறக்க வேண்டும். அங்கேதான் சாமர்த்தியம் இருக்கிறது. கனமாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். பருவம் முடியுமுன்பே வரும்படி நின்றுபோகும். அரிவாள் மழுங்கியிருந்தால், பாளையைச் சீவாமல் நசுக்கிவிடும். நசுங்கிய வாயில் பதநீர் சரியாக ஊறாது. இழுத்த இழுப்பில், ஒரே வீச்சில், வெண்ணெயில் ஓடுவது போல ஓட வேண்டும்.

இதற்கு எப்படிப்பட்ட கத்தி வேண்டும்? அலகு அகன்றிருக்க வேண்டும்; அப்போதுதான் வெட்டு கோணாமல் போகும். வாய் சவரக்கத்தி போல மெல்லியதாக இருக்க வேண்டும். முதுகு மட்டும் கொஞ்சம் கனமாக இருந்து வீச்சுக்குப் பலம் கொடுக்க வேண்டும். குத்துகிற கூர்முனை இதற்குத் தேவையே இல்லை. சண்டைக்கு ஒருவன் இதை எடுத்தால், எலும்பில் பட்டவுடனே வாய் பெயர்ந்துவிடும்! மட்டை கழிப்பதற்குக்கூடப் பாளை அரிவாளைப் பனையேறி தொடமாட்டார். அதற்கு மட்டை அரிவாள் என்று கனத்தது ஒன்று தனியாக உண்டு. பாளை அரிவாள் பாளைக்கு மட்டுமே.

அளவு கொடுத்துச் செய்வது

தையற்காரரிடம் சட்டைக்கு அளவு கொடுப்பது போலத்தான் கொல்லரிடம் அரிவாளுக்கு அளவு கொடுப்பதும். கை நீளமா, குட்டையா? உள்ளங்கை எவ்வளவு அகலம்? வலது கையா, இடது கையா? அலகின் ஒரு பக்கத்தை மட்டும் சாய்த்துத் தீட்டுவதானால், இடக்கைக்காரருக்கு அந்தச் சாய்வு மாறவேண்டும். இல்லாவிட்டால் வெட்டு ஒரு பக்கமாக ஓடும். பழைய அரிவாளைக் கொண்டுவந்து காட்டி, "இதைவிடக் கால் விரல் அகலம் குறைவாக" என்று சொல்வது இன்னும் சுலபம்.

இரும்பு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் பழைய லாரியிலிருந்து! லாரியின் அடியில், பாரத்தைத் தாங்குவதற்காக அடுக்கடுக்காக வைத்திருக்கும் வில்பட்டைதான் இன்றைய நாட்டுக் கொல்லருக்கு நல்ல உருக்கு. அதில் நூற்றுக்கு அரைப்பங்கு அளவுக்குக் கரிச்சத்து கலந்திருக்கும். சாதாரண ஜன்னல் கம்பியில் அவ்வளவு கரி கிடையாது. அதை எப்படி அடித்தாலும் கூர் நிற்காது. கரி மிகுந்தாலும் வம்புதான். கண்ணாடி போல உடைந்துவிடும்.

உலையில் கரி மூட்டி, துருத்தியால் காற்று ஊத வேண்டும். இப்போது பல பட்டறைகளில் மின்சார விசிறி அந்த வேலையைச் செய்கிறது. பட்டை செக்கச்செவேல் என்று பழுத்ததும், குறடால் எடுத்துப் பட்டடைக் கல்லின் மேல் வைத்து, வெட்டிரும்பால் வேண்டிய அளவுக்குத் துண்டிக்கிறார்கள். பிறகு அடி! கொல்லர் கையில் சின்னச் சுத்தியல். எதிரே நிற்பவர் கையில் பெரிய சம்மட்டி. கொல்லர் எந்த இடத்தில் தட்டுகிறாரோ, அந்த இடத்தில் சம்மட்டி விழ வேண்டும். வாயால் ஒரு வார்த்தை பேச்சு இராது. சின்னச் சுத்தியல் கேட்கிறது. பெரிய சம்மட்டி பதில் சொல்கிறது.

இங்கே ஒரு வேடிக்கை. கத்தியின் வாய்ப்பக்கத்தை அடித்து மெலியவைத்தால், அந்தப் பக்கம் நீண்டுகொண்டே போகும். நீள நீள, கத்தி முதுகுப் பக்கமாக வளையத் தொடங்கும். வாய்ப்பக்கம் வளைய வேண்டிய அரிவாள் இப்படி நிமிர்ந்துகொண்டே போனால் என்ன செய்வது? அனுபவசாலியான கொல்லர் இதை முன்கூட்டியே கணக்குப் பண்ணி, வேண்டியதைவிட அதிகமாக வளைத்து வைத்துக்கொண்டுதான் வாயை அடிக்க ஆரம்பிப்பார். அடித்து முடிக்கும்போது வளைவு தானாகவே சரியான அளவுக்கு வந்து நிற்கும். எந்தப் புத்தகத்தைப் படித்தும் இந்தக் கணக்கு கைக்கு வராது.

நெருப்பையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பழுத்த இரும்பு வெள்ளையாகி, மத்தாப்பு போலப் பொறி சிந்தினால் காரியம் கெட்டது. உருக்கு எரிகிறது என்று அர்த்தம். சிவப்பு மங்கிய பிறகும் அடித்துக்கொண்டிருந்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். அந்த விரிசல் பட்டறையில் தெரியாது. பனை உச்சியில்தான் தெரியும்!

தோய்ச்சல்

உருவம் வந்துவிட்டது. சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவைத்து, அரத்தால் ராவி ஒழுங்குபடுத்தியாயிற்று. இப்போது அது பார்வைக்கு அரிவாள். உண்மையில் வெறும் தகடு. அதற்கு உயிர் கொடுப்பது தோய்ச்சல்.

அரிவாளை மீண்டும் உலையில் வைத்து, ஒரே சீராகச் சிவக்கவைக்க வேண்டும். சுமார் 800 டிகிரி சூடு. தெர்மாமீட்டர் கிடையாது, கண்தான் அளவுகோல். சரியான சிவப்பைக் கண்டுபிடிக்க வெயில் உதவாது. ஆகவே நிழலில், வெளிச்சம் மங்கிய இடத்தில் இந்த வேலையைச் செய்வார்கள். நிறம் வந்ததும், வாய்ப்பக்கத்தை மட்டும் தண்ணீரில் தோய்க்க வேண்டும். முதுகுப் பக்கம் வெளியே நிற்க வேண்டும்.

சூட்டில் இரும்புக்குள் கரைந்திருந்த கரி, திடீரென்று குளிர்ந்ததும் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. அதனால் வாய் கல்லாய் இறுகிவிடுகிறது. அரத்தை வைத்துத் தேய்த்தால் வழுக்கும். ஆனால் அப்படியே விட்டால் முதல் வெட்டிலேயே பல் பல்லாய் உடையும்.

அதற்கும் ஓர் உபாயம் இருக்கிறது. முதுகில் இன்னும் சூடு மிச்சம் இருக்கிறதல்லவா? அது மெல்ல மெல்ல வாய்ப்பக்கம் இறங்கி வரும். வாயைக் கொஞ்சம் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்துக்கொண்டு பார்த்தால், முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, அப்புறம் கத்திரிப்பூ நிறம், கடைசியில் நீலம். வைக்கோல் நிறம் சுமார் 230 டிகிரி. நீலம் சுமார் 300. பாளை சீவும் மென்மையான வேலைக்கு வைக்கோலுக்கும் பழுப்புக்கும் நடுவில் நிறுத்தினால் கூர் நிற்கும். நீலம் வரை விட்டால், வளையும் குணம் கூடிக் கூர் குறைந்துவிடும். நினைத்த நிறம் வந்த கணத்தில் மறுபடியும் ஒரு தோய்ச்சல். சில விநாடி பிந்தினால், திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

நேபாளத்துக் கூர்க்கர்களின் குக்ரி கத்தியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே கொல்லர்கள் கெட்டிலிலிருந்து தண்ணீரைக் கத்தியின் வாய் ஓரமாக மட்டும் ஊற்றிக்கொண்டே போவார்கள். வாய் இறுக வேண்டும், முதுகு வளைந்து கொடுக்க வேண்டும் என்ற அதே தத்துவம்தான். இமயமலை அடிவாரத்துக் கொல்லரும் தேரிக்காட்டுக் கொல்லரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. இரும்பு இருவருக்கும் ஒரே பாடத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கிறது!

பிடிக்கு வயிரம் பாய்ந்த மரம் வேண்டும். அலகின் பின்முளையைப் பழுக்கக் காய்ச்சி மரத்துக்குள் இறக்கினால், அது தனக்கு வேண்டிய துளையைத் தானே சுட்டுக்கொள்ளும். மரம் பிளக்காமல் இருக்க முகப்பில் ஒரு பூண். பிடி வழவழப்பாக இருந்தால் அழகுதான். ஆனால் வேர்வையில் வழுக்கும். கைக்குள் அடங்கி, உருளாமல் நிற்க வேண்டும்.

பெட்டி அடித்த கை

கொல்லர் கொடுப்பது கூரின் ஆரம்பம்தான். மீதிக் கூர் பனையேறியின் சொந்தப் பொறுப்பு. மரப்பலகை ஒன்றின் மேல் வெங்கச்சங்கல்லைப் பொடித்துத் தூவி, அதில் அரிவாளைத் தீட்டுவார். கல்லில் வைத்துக் கரகரவென்று தேய்ப்பது இதற்கு ஒத்துவராது. மெல்லிய வாய் சிதைந்துவிடும்.

இப்படித் தீட்டிய அரிவாளை எங்கே வைத்துக்கொண்டு மரம் ஏறுவது? இரண்டு கைகளும் மரத்தைக் கட்டிக்கொண்டிருக்கின்றன. கால்களைத் தளநார் பிணைத்திருக்கிறது. நெஞ்சு மரத்தோடு உராய்கிறது. மிச்சம் இருப்பது இடுப்பின் பின்பக்கம் ஒன்றுதான். அங்கேதான் அரிவாள் பெட்டி கட்டப்பட்டிருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் நாளுக்கு முப்பது மரம், காலையும் மாலையும் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அரிவாளை அறுபது தடவை எடுக்கிறார். அறுபது தடவை வைக்கிறார். நூறு நாள் பருவத்தில் ஆறாயிரம் தடவை! ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. கை தானாகப் பின்னால் போக வேண்டும். பிடி தானாகக் கையில் வந்து சேர வேண்டும். திருப்பி வைக்கும்போது, சவரக்கத்தி போன்ற வாய் முதுகையும் தொடக்கூடாது, விரலையும் தொடக்கூடாது. ஆறாயிரத்தில் ஒரு தடவை தவறினாலும், கீழே ஐம்பது அடி!

ஆகவே, நல்ல பெட்டிக்கு இலக்கணம் உண்டு. வாய் அகன்றிருக்க வேண்டும். அரிவாளை வைக்கும்போது தடுமாறக்கூடாது. உள்ளே போகப் போகக் குறுகி, அலகைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏறும்போது ஆடிக் கலகலக்கக்கூடாது. அரிவாளின் கூர்ப்பக்கம் உடம்புக்கு எதிர்ப்புறமாக இருக்க வேண்டும். அடியில் கூர் முட்டி மழுங்காமல் தாங்க வேண்டும். கடிப்பு முதலிய சில்லறைச் சாமான்களுக்கும் இடம் வேண்டும். இத்தனையும் இருந்தும், பெட்டி கனக்கக்கூடாது.

இதற்குத் தோல் வேண்டாமா என்று கேட்கலாம். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தோல் பதனிடும் சரக்குகளும் உருக்குக்கு ஆகாதவை. அதிலும் இது உப்பளக் காற்று வீசும் சீமை. ராத்திரி தோலுறையில் வைத்த கத்தியில் காலையில் துருப் பூத்திருக்கும். பனையேறியின் பெட்டிக்கு ஓலை, மட்டை, நார், பாளை என்று மரமே சரக்குக் கொடுத்துவிடுகிறது. எதை எப்படிச் சேர்ப்பது என்பது ஊருக்கு ஊர், கைக்குக் கை மாறும். ஆனால் காற்றோட்டம் உண்டு; கனம் இல்லை; பிய்ந்தால் மறுநாளே வேறு செய்துகொள்ளலாம்.

ஒன்றை மட்டும் மறந்துவிடக்கூடாது. அரிவாளை வைத்துத்தான் பெட்டிக்கு அளவு எடுக்க வேண்டும். ஆயத்தமாக இருக்கிற பெட்டியில் எந்த அரிவாளையாவது திணித்துக்கொண்டு ஏறுகிறவர் பனையேறியாக இருக்கமாட்டார். வெள்ளிப் பூணும் சித்திர வேலைப்பாடும் இல்லாவிட்டாலும், இதைவிடப் பொருத்தமான உறையை எந்த அரண்மனைக் கத்திக்கும் செய்திருக்க முடியாது.

அக்கம்பக்கத்து உறைகள்

அரண்மனைக் கத்தி என்றோமே, அதையும் பார்த்துவிடுவோம். கடலுக்கு அப்பால் இலங்கையில், கண்டி அரசர்கள் காலத்தில் 'பிஹா கேத்த' என்ற பெரிய கத்திகளைச் செய்தார்கள். பிடியிலும் அலகிலும் வெள்ளி, பித்தளைச் சித்திர வேலை. மர உறைக்கும் வெள்ளிக் கவசம். பல உறைகளில் கத்திக்குப் பக்கத்திலேயே ஓலையில் எழுதும் எழுத்தாணி ஒன்றும் செருகியிருக்கும். ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்குமா என்பது நம் பழமொழி. கத்தியும் எழுத்தாணியும் இருக்கலாம் என்று கண்டிக் கைவினைஞர்கள் காட்டிவிட்டார்கள்! தமிழ்த் தந்தைக்குப் பிறந்த கலைமேதை ஆனந்த குமாரசாமி, 1908-ல் வெளியிட்ட நூலில் அந்த நாட்டுக் கைவினைகளைப் பற்றி விவரமாக எழுதிவைத்தார்.

யாழ்ப்பாணத்துப் பனையேறிகளுக்கு இந்தக் கதையெல்லாம் புதிதாக இராது. அவர்களிடமும் பாளைக்கத்தி உண்டு; அது தங்கும் கத்திக்கூடு உண்டு; காலுக்குத் தளநார் உண்டு. கடல் பிரித்தாலும் பனை பிரிக்கவில்லை.

குடகு நாட்டில் இரண்டு விதம். முன்பக்கம் இடுப்பில் செருகுவது பீச்சேக்கத்தி. அதற்கு வெள்ளி அலங்காரத்தோடு உறை உண்டு. முதுகுப் பக்கம் தொங்குவது அகன்ற ஓடிக்கத்தி. அதற்கு மூடிய உறையே இல்லை. 'தோடங்' என்ற பித்தளைக் கொக்கி ஒன்று அரைக்கச்சையில் இருக்கும். கத்தி அதிலே மாட்டிக்கொண்டு நிற்கும். கூர்க்கரின் குக்ரி உறை இன்னொரு விதம். மரத்தைக் குடைந்து எருமைத்தோல் போர்த்திய அந்த உறையில், பெரிய கத்தியின் பின்னால் இரண்டு குட்டிக் கத்திகளும் இருக்கும். ஒன்று சில்லறை வேலைக்கு. மற்றது நெருப்புத் தட்டவும் தீட்டவும்.

ஒவ்வொரு உறையையும் பார்த்தாலே, அதைக் கட்டியவர் நடந்தாரா, குதிரை ஏறினாரா, காடு புகுந்தாரா, மரம் ஏறினாரா என்று சொல்லிவிடலாம். கத்தி அதன் வேலையைச் சொல்லும். உறை அதை வைத்திருந்த மனிதரின் வாழ்க்கையைச் சொல்லும்.

இரும்பின் தாய்வீடு

இந்தச் சீமைக்கும் இரும்புக்கும் இன்று நேற்று ஏற்பட்ட உறவல்ல. ஆறுமுகநேரி இருக்கும் அதே தூத்துக்குடி மாவட்டத்தில்தான் ஆதிச்சநல்லூர் இருக்கிறது. 1876-ல் ஜெர்மானியர் யாகோர் அங்கே தோண்டிப் பார்த்தார். 1899-ல் தொடங்கி அலெக்ஸாண்டர் ரீ விரிவாகத் தோண்டினார். தாழிகளோடு இரும்பு வாள்களும், குறுங்கத்திகளும், ஈட்டி முனைகளும் கிடைத்தன. மாண்டவரோடு இரும்பையும் வைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்றால், இரும்பின் மீது எவ்வளவு மதிப்பு இருந்திருக்க வேண்டும்!

அதே மாவட்டத்துச் சிவகளை இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. இரும்புப் பொருள்களோடு கிடைத்த மாதிரிகளை விஞ்ஞான முறையில் ஆராய்ந்து, அவற்றில் மிகப் பழையதன் காலம் கி.மு. 3345 என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் வெளியிட்ட 'இரும்பின் தொன்மை' அறிக்கை தெரிவித்தது. உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்த செய்தி இது.

தென்னாட்டு உருக்கின் புகழ் சீமை வரை எட்டியிருந்தது. 'ஊட்ஸ்' என்று வெள்ளைக்காரர்கள் அழைத்த அந்த உருக்கைப் பற்றி 1795-ல் லண்டன் ராயல் சங்கத்தில் ஜார்ஜ் பியர்சன் கட்டுரை படித்தார். பின்னர் 1819-ல் அதை ஆராய்ந்தவர் யார் தெரியுமா? மின்சார மேதை மைக்கேல் பாரடே! அவருக்குத் துணை நின்ற ஜேம்ஸ் ஸ்டோடார்ட், கத்தி செய்வதையே தொழிலாகக் கொண்டவர். பாரடேயின் தந்தையும் கொல்லர்தான். நம் ஊர் உருக்கின் இரகசியத்தைத் தேடி, கொல்லர் மகனும் கத்தி வியாபாரியும் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள்!

பெயர் கெட்டது யாரால்?

இத்தனை பெருமை உள்ள இரும்பு வேலை இன்று எந்த நிலையில் இருக்கிறது? திருப்பாச்சேத்தி என்ற சிவகங்கைச் சீமை ஊரின் பெயரைச் சொன்னாலே, "அரிவாளா?" என்று கேட்கிறார்கள். அந்த ஊர்க் கொல்லர்கள் கதிர் அறுக்கவும், விறகு வெட்டவும், கறுப்பசாமிக்கு நேர்ந்துகொள்ளவும் அரிவாள் செய்து கொடுத்தவர்கள். நாலு பேர் செய்த கொலைபாதகத்துக்கு ஊர்ப் பெயரே பலியாகிவிட்டது.

சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், வீட்டுக்காகவோ விவசாயத்துக்காகவோ மட்டும் செய்யப்பட்ட சாமான்களை ஆயுதம் என்ற கணக்கில் சேர்க்கவில்லை. ஆனாலும் தென் மாவட்டங்களில் கொலைகள் அடுத்தடுத்து நடந்ததைத் தொடர்ந்து, 2021 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை அரிவாள் செய்யும் பட்டறைக்காரர்களை அழைத்துப் பேசியது. விவசாயத்துக்கும் வீட்டு வேலைக்கும் மட்டுமே விற்க வேண்டும், வாங்குகிறவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணைக் குறித்து வைக்க வேண்டும் என்று சொன்னது. உயிர் போகிற காரியத்தில் காவல்துறை கண்டிப்பாக இருப்பதைக் குறை சொல்ல முடியாது. அளவு கொடுத்து அரிவாள் வாங்குகிற பனையேறிக்குப் பெயர் கொடுப்பதில் என்ன தயக்கம்? அவரைக் கொல்லருக்கு முன்பே தெரியும். அவர் கை அளவுகூடத் தெரியும்!

தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. பனையேறிகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அப்பா ஏறிய மரத்தில் மகன் ஏறுவதில்லை. அதில் தப்பும் இல்லை. விழுந்தால் உயிர் போகும் தொழில்; வருஷத்தில் பாதிதான் வரும்படி; ஊரில் மரியாதையும் போதாது. படித்து வேறு வேலைக்குப் போன பிள்ளையைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால் பனையேறி இறங்கிவிட்டால், பாளை அரிவாளுக்குச் சொல்லி வைக்க ஆள் இல்லை. அறுவடை இயந்திரம் வந்து கதிர் அரிவாளை முன்பே வாங்கிக்கொண்டது. நல்ல காரியத்துக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தால், பட்டறை வாசலில் கடைசியில் யார்தான் நிற்பார்கள்? வேலை இழந்த அரிவாளுக்குத்தான் கெட்ட சகவாசம் ஏற்படுகிறது.

விதை போட்டாயிற்று, அரிவாள் எங்கே?

2021-ல் தமிழக அரசு, வேளாண்மை வரவு செலவுத் திட்டத்தில் பனைக்கென்று ஓர் இயக்கத்தை அறிவித்தது. 76 லட்சம் பனை விதைகளைக் கொடுப்பது என்றும், பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றும் சொன்னது. மிகவும் நல்ல காரியம். பல ஊர்களில் இளைஞர்கள் குளக்கரைகளில் பனங்கொட்டை ஊன்றி வருகிறார்கள்.

ஆனால் பனை அவசரப்படாத மரம். இன்று ஊன்றிய கொட்டை பாளை விடுவதற்குப் பதினைந்து, இருபது வருஷமாவது பிடிக்கும். 2021-ல் விதைத்தது 2036-க்கும் 2041-க்கும் இடையில் பாளை தள்ளும். அன்றைக்கு மரத்தின் மேல் ஏறுவதற்கு ஏதாவது ஒரு இயந்திரம்கூட வந்துவிடலாம். ஆனால் மேலே போன பிறகு, காகிதக் கனத்தில் பாளையைச் சீவ ஒரு கை வேண்டும். அந்தக் கைக்கு ஓர் அரிவாள் வேண்டும். வைக்கோல் நிறத்துக்கும் பழுப்பு நிறத்துக்கும் நடுவில் நிறுத்தித் தோய்க்கத் தெரிந்த ஒரு கண் வேண்டும். அரிவாளைப் பார்த்துப் பெட்டி செய்யத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

விதையைச் சேமித்து வைக்கலாம். கைவேலையைச் சேமித்து வைக்க முடியாது. ஒரு தலைமுறை செய்யாமல் விட்டால், அது போயே போய்விடும். இன்று பட்டறையில் இருக்கும் கொல்லரின் பக்கத்தில், பத்து வருஷம் நின்று பார்க்க ஒரு பையன் வேண்டும். அந்தப் பையனின் வயிற்றுக்குப் பட்டறை சோறு போட வேண்டும். அதற்குக் கொல்லருக்கு வேலை வர வேண்டும்.

கருப்பட்டிக் காப்பி நல்லது என்று டாக்டர் வரை சொல்கிற காலம் இது. நல்ல கருப்பட்டிக்கு நல்ல விலை கொடுக்க ஜனங்கள் தயாராக இருக்கிறார்கள். அந்த விலையில் நியாயமான பங்கு மரம் ஏறுகிறவருக்குப் போய்ச் சேர்ந்தால், அவர் மகனும் ஒரு நாள் கொல்லரிடம் போய்க் கையை நீட்டி அளவு கொடுக்கக்கூடும். இல்லாவிட்டால், ஊரெல்லாம் பனை நிற்கும். பாளை சீவ ஓர் அரிவாள் இராது.

அடுத்த தடவை கருப்பட்டியை உடைத்து வாயில் போட்டுக்கொள்ளும்போது கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அந்த இனிப்புக்கு முன்னால் ஒரு சீவல் இருக்கிறது. சீவலுக்கு முன்னால் ஓர் அரிவாள். அரிவாளுக்கு முன்னால் ஓர் உலை. உலை அணைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது நம் கையிலும் கொஞ்சம் இருக்கிறது.